நகரப் பூங்கா, விளையாட்டிடத் திட்டப் புதுப்பிப்பு (தமிழ்நாடு)

நகரப் பூங்கா, விளையாட்டிடத் திட்டப் புதுப்பிப்பு என்பது, ஒரு நகரத்தின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், பிற திறந்தவெளிகள் ஆகியவற்றுக்கான நீண்டகாலத் திட்டத்தைக் குறித்த கால இடைவெளிகளில் மீளாய்வு செய்து திருத்தும் நடைமுறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில் இத்திட்டம் தனியான ஓர் ஆவணமாக உள்ளது. தமிழ்நாட்டில் இது நகரின் முழுமைத் திட்டத்துக்குள் அடங்கும் ஒரு பகுதியாகவே அமைகின்றது. ஆகவே இங்கு பூங்காத் திட்டத்தைப் புதுப்பித்தல் என்பது, பெரும்பாலும் முழுமைத் திட்டத்தைத் திருத்தும்போது திறந்தவெளிக்கு உரிய நிலங்களை மீண்டும் கணக்கிடுவதையும், அவற்றைச் சட்டப்படி நிலைநிறுத்துவதையும் குறிக்கும்.

திட்ட வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்பட்ட நிலம் எல்லாம் பூங்கா ஆகிவிடுவதில்லை. நிலம் கையகப்படுத்தப்படுதல் அல்லது தானமாகப் பெறப்படுதல், உள்ளாட்சியின் பட்டியலில் சேர்க்கப்படுதல், வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றப்படுதல் ஆகிய படிகள் நிறைவேறிய பின்னரே அது பொதுமக்களின் திறந்தவெளியாக நிலைபெறுகின்றது. இப்படிகளில் எவை விடுபட்டுள்ளன என்பதைக் கண்டறியும் வாய்ப்பைத் திட்டப் புதுப்பிப்பு தருகின்றது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் சட்ட நிலையையும், தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் வறள்நிலப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

வரலாறு

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிசு 1914-15 காலப்பகுதியில் சென்னை மாகாணத்தின் நகரங்கள் சிலவற்றைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். பழைய நகரங்களை இடித்து அகலப்படுத்துவதைவிட, அங்குள்ள குளங்களையும் வெற்றிடங்களையும் பேணிச் சிறுசிறு திருத்தங்கள் செய்வதே சிறந்தது என்பது அவரது கருத்தாக இருந்தது. சில ஆண்டுகளில், 1920ஆம் ஆண்டில், சென்னை நகரத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. 1920களில் உருவாக்கப்பட்ட சென்னையின் தியாகராய நகர் அக்காலத் திட்டமிடலுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அதன் நடுவே அமைந்த பனகல் பூங்கா இன்றும் உள்ளது.

1959ஆம் ஆண்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கும் ஒழுங்குமுறைக்கும் எனத் தனியான ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 நடைமுறைக்கு வந்தது. இன்றும் தமிழ்நாட்டின் நகரத் திட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது இச்சட்டமே.

சட்ட அடிப்படை

1959ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் அனைத்தையும் வரைபடத்துடன் பட்டியலிட வேண்டும். அரசின் ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ள இடத்தை, அரசின் முன் அனுமதி இன்றி வேறு பயன்பாட்டுக்கு மாற்ற இயலாது. எனவே இப்பட்டியலே திறந்தவெளிகளுக்கான முதன்மைக் காப்பாகும். பட்டியலில் இடம்பெறாத திடல், மக்கள் வழக்கில் எவ்வளவு காலம் விளையாட்டிடமாக இருந்திருப்பினும், இச்சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெறுவது கடினமாகின்றது.

1971ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை ஆகியவற்றுக்கு நிலம் ஒதுக்குவதைப் போலவே, பூங்காக்களுக்கும் விளையாட்டிடங்களுக்கும் நிலம் ஒதுக்க இடமளிக்கின்றது. வரைவுத் திட்டத்துக்கு அரசின் இசைவு பெறப்பட்ட பின், அது அரசிதழில் அறிவிக்கப்பட்டு, பொதுமக்களின் மறுப்புகளும் கருத்துரைகளும் கோரப்படுகின்றன. அவற்றைப் பரிசீலித்த பின்னரே திட்டம் அரசின் இறுதி ஒப்புதலைப் பெறும். நடைமுறையில் உள்ள திட்டத்தைத் திருத்தவும் மாற்றவும் இச்சட்டத்தில் வழிவகை உண்டு.

இச்சட்டத்தின் 38ஆம் பிரிவு பூங்காத் திட்டங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. திட்ட அறிவிப்பு வெளியான நாளில் இருந்து மூன்று ஆண்டுகளுக்குள், ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிப்பு வெளியாகவில்லை எனில், அல்லது உடன்பாட்டின் மூலம் நிலம் பெறப்படவில்லை எனில், அந்நிலம் ஒதுக்கீட்டில் இருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். நில உரிமையாளரின் சொத்துக் காலவரையின்றி முடங்கிக் கிடப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் இதன் மறுபக்கம், பணம் ஒதுக்கப்படாமல் வரைபடத்தில் மட்டும் குறிக்கப்பட்ட தனியார் நிலப் பூங்கா மூன்று ஆண்டுகளில் தன் சட்ட வலுவை இழக்கக்கூடும் என்பதாகும். இருபது ஆண்டுகளை நோக்கி வரையப்படும் ஒரு திட்டத்தில் பூங்காவுக்குக் கிடைக்கும் உண்மையான கால அளவு இவ்வளவே.

திறந்தவெளி ஒதுக்கீடு

மனைப்பிரிவுகளிலும் பெரிய கட்டட வளாகங்களிலும் ஒரு பகுதியைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவது திறந்தவெளி ஒதுக்கீடு எனப்படுகின்றது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதனை மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்புக்குள் கொண்டுவந்தது. பொதுவாக, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலங்களில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்து விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இந்நிலம் தானப் பத்திரத்தின் மூலம் கட்டணமின்றி ஒப்படைக்கப்பட வேண்டும். பத்து விழுக்காட்டு நிலத்தை இலவசமாக ஒப்படைக்கக் கோரும் விதி செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் சென்னை தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளில் இத்தகைய ஒதுக்கீடு பெரும்பாலும் இருப்பதில்லை. 2016ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து, 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகளை வெளியிட்டது. மனைகள் அனைத்தும் விற்று முடிந்த இடத்தில் பூங்காவுக்கு நிலம் எஞ்சியிருப்பதில்லை. வரன்முறைக் கட்டணத்தால் உள்ளாட்சிக்கு வருவாய் கிடைத்தாலும், அக்குடியிருப்புக்குள் திடல் ஒன்று கிடைப்பதில்லை.

ஒதுக்கீட்டின் அளவும் அதன் எல்லையும்

மனைப்பிரிவு ஒதுக்கீட்டின் மூலம் எத்தகைய இடங்கள் கிடைக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 5 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 20,200 சதுர மீட்டர் ஆகும். இதில் சாலைகளுக்கு 5,200 சதுர மீட்டர் போனால், எஞ்சிய 15,000 சதுர மீட்டரில் பத்து விழுக்காடு 1,500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 37 சென்ட் ஆகும். பல்வேறு ஆட்டக்களங்களின் அளவுகள் பின்வருமாறு:

- கபடிக் களம் (ஆண்கள்): 13 × 10 மீட்டர், 130 சதுர மீட்டர்
- கைப்பந்துக் களம்: 18 × 9 மீட்டர், 162 சதுர மீட்டர்
- கூடைப்பந்துக் களம்: 28 × 15 மீட்டர், 420 சதுர மீட்டர்
- வளைதடிப் பந்தாட்டத் திடல்: 91.4 × 55 மீட்டர், ஏறத்தாழ 5,027 சதுர மீட்டர்
- காற்பந்துத் திடல் (பன்னாட்டு அளவு): 105 × 68 மீட்டர், 7,140 சதுர மீட்டர்

இதிலிருந்து, மனைப்பிரிவு ஒதுக்கீட்டால் சிறுவர் பூங்காவும் கபடி, கைப்பந்து போன்ற சிறு களங்களும் கிடைக்கலாம் என்பது தெளிவாகும். ஆனால் ஒரு வளைதடிப் பந்தாட்டத் திடலுக்கு இத்தகைய மூன்று மனைப்பிரிவுகளின் ஒதுக்கீட்டைச் சேர்த்தாலும் போதாது. அவை ஒரே இடத்தில் அமைவதும் இல்லை. பெரிய திடல்களுக்கான நிலத்தை நகர அளவிலான திட்டமே தேடித்தர வேண்டும். நகரின் விளிம்பில் விளைநிலங்கள் மனைகளாக மாறுவதற்கு முன் இது செய்யப்படாவிடில், பின்னர் நிலத்தின் விலை நகராட்சியின் நிதிக்கு எட்டாததாகிவிடும்.

சென்னையின் பட்டறிவு

சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1970களில் ஒப்புதல் பெற்றது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டிற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இரண்டாம் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு நிலப்பயன்பாட்டுக் கணக்கின்படி, சென்னை மாநகரின் பரப்பில் திறந்தவெளி, பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு இருந்தது 366 எக்டேர், அதாவது 2.09 விழுக்காடு மட்டுமே. 2027 முதல் 2046 வரையான காலத்துக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாரிக்கும் பணி பின்னர் தொடங்கப்பட்டது. திருத்தங்களுக்கு இடையே நீண்ட காலம் கழியும்போது திறந்தவெளிகள் பிற பயன்பாடுகளுக்கு இரையாவதைத் தடுப்பது கடினம் என்பதற்குச் சென்னை ஓர் எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது.

கோவில்பட்டியும் கரிசல் நிலமும்

திட்டமிடல் நிலை

கோவில்பட்டி, மதுரை - திருநெல்வேலி நெடுஞ்சாலையில் அமைந்த நகராட்சி ஆகும். தீப்பெட்டித் தொழிலுக்கும், 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 95,057 ஆகும்.

இந்திய நடுவண் அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014இல் வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டி நெறிகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருத்தல் விரும்பத்தக்கது எனக் குறிப்பிடுகின்றன. இதன் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கு ஏறத்தாழ 95 எக்டேர், அதாவது 235 ஏக்கர் தேவைப்படும். அதே நெறிகள் நீண்டகாலத் திட்டத்தை 20 முதல் 30 ஆண்டுகளை நோக்கி வரைந்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யவும் பரிந்துரைக்கின்றன.

2015இல் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டம் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையே உள்ளடக்கியது. பூங்காக்களும் பசுமைவெளிகளும் அதன் கூறுகளுள் அடங்கும். ஒரு லட்சத்தை எட்டாத நகரங்கள் மக்கள்தொகை அளவுகோலால் அதற்கு வெளியே நின்றன. 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0, 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை கொண்ட இரண்டாம் வகுப்பு நகரங்களுக்குப் புவியியல் தகவல் முறைமையின் அடிப்படையில் முழுமைத் திட்டம் தயாரிக்கும் துணைத்திட்டத்தைக் கொண்டுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கோவில்பட்டி இவ்வகுப்பில் அடங்கும்.

மரபுவழித் திறந்தவெளிகள்

கரிசல் பகுதியின் ஊர்களில் பூங்கா என்ற பெயர் வழங்குவதற்கு முன்பே பொது வெளிகள் இருந்தன. ஆடுமாடுகள் கூடும் மந்தை, கதிரடிக்கும் களம், ஊருணிக்கரை, கண்மாய்க்கரை, கோயில் முன் பொட்டல் ஆகியவை அவற்றுட் சில. அறுவடை முடிந்த காலத்தில் களமே சிறுவர்களின் ஆடுகளமாக இருந்தது. வற்றிய கண்மாயின் தரையில் கோடையில் ஆட்டங்கள் நடப்பது இன்றும் வழக்கம். வருவாய்ப் பதிவேடுகளில் இவை பெரும்பாலும் புறம்போக்கு என்ற வகைப்பாட்டின் கீழ் வருகின்றன. நகரம் விரிந்து ஊர்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்போது, இந்நிலங்கள் 'வெற்று நிலம்' எனக் கருதப்பட்டு அலுவலகங்களுக்கும் பிற கட்டடங்களுக்கும் ஒதுக்கப்படுவதுண்டு. திட்டப் புதுப்பிப்பின்போது இவற்றைத் திறந்தவெளிப் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிதாக நிலம் வாங்க வேண்டிய செலவு இல்லை. ஆனால் கண்மாய், ஊருணி போன்ற நீர்நிலைகளைப் பொறுத்தவரை, கரையில் நடைபாதையும் மரங்களும் அமைக்கலாமே தவிர, நீர்ப்பிடிப்பைத் தூர்த்துப் பூங்கா அமைப்பது நீர்நிலையை அழிப்பதாகவே முடியும்.

மண்

கரிசல் மண் களிமண் மிகுந்தது. நனையும்போது உப்பிப் பெருத்து, காயும்போது சுருங்கி ஆழமாக வெடிக்கும் தன்மை உடையது. இதனால் வேறு மண்ணில் நிலைக்கும் நடைபாதை, சுற்றுச்சுவர், சிமெந்துக் களம் ஆகியவை இங்கு சில பருவங்களிலேயே விரிசல் காண்கின்றன. மேல்மண்ணை அகற்றிச் சரளையும் மணலும் இட்டு இறுக்குதல், நீர் தேங்காமல் வடிகால் அமைத்தல் ஆகியவை பொதுவான தீர்வுகளாகும். கட்டடங்களுக்கு, உரூர்க்கியில் உள்ள நடுவண் கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, அடிப்பகுதி குமிழ் போல் விரிந்த தூண் அடித்தளம் பயன்படுத்தப்படுவதுண்டு. மழைக்காலத்தில் கரிசல் திடல் சேறாகிக் காலில் ஒட்டும். கோடையில் வெடிப்பில் கால் இடறும். செம்மண் பகுதிக்குரிய செலவு மதிப்பீட்டை அப்படியே எடுத்து இங்கு திட்டம் போட்டால் நிதி பற்றாக்குறை ஏற்படும்.

நீரும் மரங்களும்

இப்பகுதியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. கோவில்பட்டியின் குடிநீர் தாமிரபரணி ஆற்றில் இருந்து, சீவலப்பேரியில் எடுக்கப்பட்டுக் குழாய்வழி கொண்டுவரப்படுகின்றது. இத்தகைய நகரில் புல்வெளிப் பூங்கா குடிநீருடன் போட்டியிடுவதாக அமையும். ஆகவே நிழல்மரங்களை முதன்மையாகக் கொண்ட பூங்காக்களும், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரின் பயன்பாடும், மழைநீரைத் தாழ்வான பகுதியில் தேக்கும் அமைப்பும் வறள்நிலத்துக்கு ஏற்றவையாகும். வேம்பு, புங்கு, வாகை, ஆல், அரசு, பனை போன்றவை இங்கு பழக்கமான மரங்கள். 1901ஆம் ஆண்டு முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசல் நிலம் பற்றிய நீண்டகாலப் பட்டறிவைக் கொண்டது. அது முதன்மையாகப் பயிர்களுக்கானது எனினும், மண், மழை பற்றிய அதன் பதிவுகள் நகரத் திட்டமிடலுக்கும் பயன்படக்கூடியவை.

விளையாட்டு

கோவில்பட்டி, வளைதடிப் பந்தாட்டத்துக்கு (ஆக்கி) நெடுங்காலமாகப் பெயர்பெற்ற நகரம். இங்கு செயற்கைப் புல் திடலும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியும் உள்ளன. இளையோர் ஆடவர் தேசிய ஆக்கிப் போட்டிகள் 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் இங்கு நடைபெற்றன. 2022ஆம் ஆண்டு சகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீசுவரன் சக்திவேல் இடம்பெற்றார்.

ஒரு சிறப்புத் திடல் நகரின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றாது. செயற்கைப் புல் திடல் தேர்ந்த வீரர்களின் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் உரியது. இத்தகைய திடல்கள் பலவற்றுக்கு ஆட்டத்துக்கு முன் நீர் தெளிக்கவும் வேண்டும். ஒரு சிறுவன் முதன்முதலாக மட்டையைப் பிடிப்பது வீட்டுக்கு அருகில் உள்ள மண் திடலிலோ பள்ளி மைதானத்திலோ தான். அத்திடல்கள் குறைந்தால், சிறப்புத் திடலுக்கு வரும் வீரர்களின் எண்ணிக்கையும் காலப்போக்கில் குறையும். மேலும் தீப்பெட்டித் தொழிலிலும் அதனைச் சார்ந்த வேலைகளிலும் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். பகல் முழுதும் அமர்ந்து வேலை செய்வோருக்கு மாலையில் வெளிச்சத்துடன் கூடிய நடைபாதையும், கழிப்பறை வசதியும் கொண்ட பூங்கா, போட்டித் திடலைவிடக் கூடுதலாகப் பயன்படும்.

புதுப்பிக்கும் முறை

பூங்கா, விளையாட்டிடத் திட்டத்தைப் புதுப்பிப்பதில் பொதுவாகப் பின்வரும் படிகள் அடங்கும்:

1. இருப்புக் கணக்கு: தானப் பத்திரங்கள், மனைப்பிரிவு வரைபடங்கள், நகர அளவைப் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டு, நகராட்சிக்கு உரிய ஒவ்வொரு திறந்தவெளியையும் களத்தில் சரிபார்த்தல்.
2. உரிமை நிலை: தானமாகப் பெற்ற நிலம் நகராட்சியின் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளதா என ஆராய்தல். பெயர் மாற்றப்படாத நிலம் ஆக்கிரமிக்கப்படவும், மீண்டும் விற்கப்படவும் வாய்ப்பு உண்டு.
3. அணுகு தொலைவு: மொத்தப் பரப்பை மட்டும் பாராமல், ஒவ்வொரு குடியிருப்பில் இருந்தும் நடந்து சென்றடையும் தொலைவில் திறந்தவெளி உள்ளதா என வரைபடத்தில் குறித்தல். நெடுஞ்சாலையோ தொடர்வண்டிப் பாதையோ குறுக்கிடும் இடங்களில் நேர்கோட்டுத் தொலைவு பொருளற்றது.
4. தேவை அறிதல்: சிறுவர், பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் தேவைகளைத் தனித்தனியே கேட்டறிதல். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் அமைக்கப்பட்ட வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இதற்கு ஒரு களமாகும்.
5. நிதியும் காலமும்: கையகப்படுத்த வேண்டிய நிலங்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, மூன்றாண்டு வரம்புக்குள் நிதி ஒதுக்குதல்.
6. பராமரிப்பு: ஒவ்வொரு இடத்துக்கும் ஆண்டுதோறும் ஆகும் நீர், மின்சாரம், பணியாளர் செலவைத் திட்டத்திலேயே குறிப்பிடுதல்.

முதல் இரண்டு படிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. எனினும் அவை விடுபட்டால் பின்வரும் படிகள் அனைத்தும் தவறான கணக்கின் மீது அமையும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

பெங்களூரில் பூங்காவுக்கு என ஒதுக்கப்பட்ட ஓர் இடம் தனியார் மருத்துவமனை அமைக்க வழங்கப்பட்டதை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1991ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வழங்கல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மருத்துவமனை பயனுள்ளது என்பதனாலேயே திறந்தவெளியின் தேவை மறைந்துவிடாது என்பதும், பூங்காவைக் காக்க வழக்குத் தொடுக்க அப்பகுதிக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்பதும் இத்தீர்ப்பின் சாரமாகும். மனைப்பிரிவில் விடப்பட்ட திறந்தவெளியை உள்ளாட்சி, பொதுமக்களின் பொறுப்பாளர் என்ற நிலையிலேயே நிருவகிக்கலாம் என்ற கருத்தைத் தில்லி தொடர்பான 1990களின் தீர்ப்பொன்று வலியுறுத்தியது.

பிற நாடுகளில்

சிங்கப்பூரில் நிலப்பயன்பாட்டு முழுமைத் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுகின்றது. பூங்காக்களை நடைபாதைகளாலும் மிதிவண்டிப் பாதைகளாலும் இணைக்கும் வலைப்பின்னல் 1990களில் இருந்து அங்கு விரிவாக்கப்பட்டு வருகின்றது. 2030ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு வீட்டில் இருந்தும் பத்து நிமிட நடைத் தொலைவில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் இலக்கு. நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமாக இருப்பது அங்கு இதனை எளிதாக்குகின்றது. தனியார் நிலம் மிகுந்த தமிழ்நாட்டு நகரங்களுக்கு அம்முறை அப்படியே பொருந்தாது. ஆயினும், குறித்த கால மீளாய்வும், பரப்பைவிட நடைத்தொலைவை அளவுகோலாகக் கொள்வதும் எந்த நகரத்துக்கும் ஏற்றவையாகும்.

திறனாய்வு

- திறந்தவெளி விழுக்காட்டைக் கணக்கிடும்போது நீர்நிலைகள், சாலை நடுத்திட்டுகள், பூட்டிய வளாகங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் உண்மை நிலை மறைக்கப்படும்.
- பூங்காக்களில் உடற்பயிற்சிக் கருவிகள், செயற்கை நீரூற்றுகள் போன்றவை அமைக்கப்பட்டு, பராமரிப்பு இன்றிப் பழுதடைவது பரவலான குறைபாடாகும்.
- நுழைவுக் கட்டணமும் குறுகிய திறப்பு நேரமும், பூங்காவின் தேவை மிகுந்த உழைக்கும் மக்களையே வெளியே நிறுத்தக்கூடும்.
- வரைவுத் திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழோடும் நாளிதழ் விளம்பரத்தோடும் நின்றுவிட்டால், மறுப்புத் தெரிவிக்கும் காலம் முடிந்த பின்னரே பெரும்பாலான மக்கள் அதனை அறிகின்றனர். ஒரு மந்தையோ திடலோ வேறு நிறத்தில் குறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுவதற்கான சட்டப்படியான வாய்ப்பு அக்காலத்திலேயே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971
- சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்
- கோவில்பட்டி
- கரிசல் மண்
- புறம்போக்கு நிலம்
- ஊருணி